தீட்டு வாள்

சுக்கில வருஷம், தை 21

இன்று கோட்டைக் கத்திகள் வந்தன. ஜான் கொண்டுவந்தான். அவன் ஒல்லாந்துக்காரர் கோட்டைக்குள் சமைப்பவன், ஆகையால் வந்தவை சமையற்கட்டுக் கத்திகள். இருந்தாலென்ன? கோட்டைக்குள் திரியும் பூனையைக் கோட்டைப் பூனை என்றுதானே சொல்கிறோம்?

கத்திகளைச் சுற்றிவந்த காகிதத்தின் முதுகில் இதை எழுதுகிறேன். முன்பக்கத்தில் ஒல்லாந்து எழுத்து, ஈரமண்ணில் புழு ஊர்ந்த மாதிரி. என் எழுத்து அதைவிட அழகு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவில்தான். வாத்தியார், "தனக்கோடி, இனி உனக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். கும்பிட்டது நிஜம். எந்தக் கும்பிடு என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரி ரங்கம்மாளுக்கும் அபிப்பிராய பேதம்.

மத்தியானம் வரை சாணை ஓடியது. அச்சில் சுற்றிய தோல்வாரை எங்கள் வீட்டுப் பெண் ருக்கு இப்படியும் அப்படியும் இழுத்தாள். குருந்தக்கல் பொடியும் அரக்கும் சேர்த்து நானே வார்த்த சக்கரம், பொறி பறந்தது. பழவேற்காட்டில் எவனுக்கு இரும்பு வேண்டாம்? தறிக்காரனுக்குக் கத்தரி, படகு கட்டுகிறவனுக்கு மரம் செதுக்கும் வாச்சி, கோட்டைக்குப்பத்துப் பெண்களுக்கு மீன் அரியும் அரிவாள்மனை, வெடிமருந்துச் சாலைக்குக் கரிமரம் பிளக்கக் கோடாலி. எல்லாம் என் வாசலுக்கு வந்துதான் கூரான வாய் வாங்கிக்கொண்டு போகின்றன.

இதை உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து ரங்கம்மாள், "ஊரு கத்திக்கெல்லாம் வாய் வச்சுட்டு, மிச்சத்தையெல்லாம் நீயே எடுத்து வச்சுக்கினியா?" என்றாள்.

தை 25

கோட்டை மாடி ஜன்னலிலிருந்து பெரிய துரை ஒருவர் என்னைப் பார்த்துக் கை அசைத்தார். ஈ ஓட்டியிருப்பார் என்கிறாள் ரங்கம்மாள்.

தை 29

பெண் பார்க்க வந்தார்கள். திருப்பாலைவனத்துக் கொல்லர் தெய்வசிகாமணி ஆசாரி, அவருடைய தங்கை தனபாக்கியம், வண்டிக்காரன். பையன் வரவில்லை. பெயர் அர்ஜுனன்.

ருக்கு என் அக்காள் மகள். அக்காளும் அத்தானும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்விட்டார்கள். பால்பல் விழாத வயசில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் ரங்கம்மாள் பேசமாட்டாள், அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள். பையனை ருக்கு திருப்பாலைவனத்துத் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பார்த்தேன் என்று அவள் சொல்லவில்லை. இவர்கள் வரப்போகிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து சாணை தலைதெறிக்க ஓடுகிறது. அதில் தெரிந்துகொண்டேன்.

தெய்வசிகாமணி ஆசாரி வந்து உட்கார்ந்ததும் என் சக்கரத்தைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை பெத்துக்கிறது நாங்க. நீங்க மூஞ்சி தொடச்சுவுட்டுப் பேரு வாங்கிக்கிறீங்க."

"பெத்தா போதுமா சம்பந்தி? பேச்சு வர வேணாமா?"

"எங்க ஊரு கதிர் அரிவாள் இந்தப் பக்கமே வராது. பல்லு வெட்டுறதும் நாங்களே."

"பல்லு உங்களுது, வாய் எங்களுது."

மனுஷர் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால்தான் எனக்கு ஆபத்து, நாக்கு அவிழ்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தனபாக்கியம் அம்மாள், "எங்க வழக்கத்துல மாப்பிள்ளை ஊர்வலத்துல கையில கத்தி பிடிக்கணும். முனையில எலுமிச்சம்பழம், திருஷ்டிக்கு. கத்தி பொண்ணு வூட்டுது" என்றாள்.

"கத்தியா?" என்றேன் நான். "கோட்டை வாள் இருக்கும்போது கத்தி எதுக்கு?"

தெய்வசிகாமணி ஆசாரி வாயில் போக இருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "கோட்டை வாளா? ஒல்லாந்துக்கார துரை இடுப்புல தொங்குமே, அதா?"

"பகல்ல அவரு இடுப்புல தொங்கும். ராத்திரி என் வூட்டு ஆணியில தொங்கும். கோட்டை வாளுங்க மொத்தமும் இங்கதான் தூங்குது. அன்னிக்கு மாடியிலிருந்து துரை என்னைக் கூப்பிட்டுக் கையைக் குலுக்கினாரு, ஊரே பார்த்துச்சு."

ஆசாரி எழுந்து நின்றுவிட்டார். "அப்போ எனக்கு வேற ஒரு சீரும் வேணாம். பாத்திரம் வேணாம், பண்டம் வேணாம். வைகாசியில கல்யாணம். என் மகன் கையில கோட்டை வாள். அது போதும்."

தனபாக்கியம் அம்மாள் மட்டும் சிரிக்காமல் சொன்னாள். "வாள் வரலைன்னா முன்னாடியே சொல்லிடுங்க. பொன்னேரியில எங்களுக்கு வேற இடம் ஒண்ணு காத்துக்கினு கீது."

வண்டி தெரு முனை திரும்பியதும் ரங்கம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். "வாளுங்க நம்ம வூட்ல தூங்குதாமே. எழுப்பு, பாக்கலாம்."

மாசி 3

வாள் எதுவும் கிடைக்கவில்லை. யோசனையும் கிடைக்கவில்லை.

மாசி 9

கிடைத்துவிட்டது! வாள் இல்லை, யோசனை.

நம் ஜாதியில் மனுஷ ரத்தம் பார்த்த இரும்பு தீட்டு. மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கற்பூரம் காட்டாமல் சாணையில்கூட ஏற்றமாட்டோம். கல்யாண வாசலை அது மிதிக்கவே கூடாது. கோட்டை வாள் என்றால் கடல் தாண்டி எத்தனை பேரைப் பார்த்ததோ! ஆகவே கோட்டை வாள் தீட்டு வாள். மங்கள காரியத்துக்கு ஆகாது. பதிலுக்கு நல்ல கத்தியாக ஒன்று தருகிறேன். இதில் யாருக்கும் குறைவு இல்லை. நான் சொன்ன வாளும் பொய்யாகவில்லை.

ஜான் மனைவி ஜெசிந்தா கருவாட்டுக் கூடையோடு திருப்பாலைவனம் போகிறவள். அவளிடம் சொல்லியனுப்பினேன். விளக்கமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். அவள், "இன்னா அண்ணே, கூடை தலையில கீது, கதை சொல்லிக்கினு கீறே" என்றாள். சரி, பெரிய மனுஷன் பெரிய மனுஷனுக்குச் சொல்லியனுப்பும் வார்த்தை குறைவாக இருப்பதுதான் கௌரவம். "கோட்டை வாள் தீட்டு வாள். இதை மட்டும் சொல்லு. அவரு கொல்லரு, புரிஞ்சுக்குவாரு" என்றேன்.

ராஜதந்திரம் என்று சொல்வார்களே, அது இதுதான்.

மாசி 11

ஜெசிந்தா வந்தாள். கூடை காலி. முகம் நிறையச் சிரிப்பு.

"ஆசாரி குதிச்சாரு அண்ணே."

"கோவத்துலயா?"

"சந்தோஷத்துல! 'சும்மா வாள் வரும்னு பார்த்தா, தீட்டின வாளாவே அனுப்புறாரா! கேக்காமலே தீட்டி வச்சிருக்காரே, அவரு மனுஷனா'ன்னு சொல்லிட்டு எனக்கு மடி நிறைய நெல்லு குடுத்தாரு. மேளக்காரங்களை வரச்சொல்லி, 'பையன் கையில கோட்டை வாள், அதுக்கேத்த அடி வேணும்'னாரு. ஊரே கூடிப்போச்சு."

"நீ தீட்டுன்னு சொன்னியா, தீட்டினதுன்னு சொன்னியா?"

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். தீட்டு வாள்."

"எந்தத் தீட்டுன்னு கேக்கலையா அவரு?"

"சாணைக்காரன் வூட்லேர்ந்து வந்தா எந்தத் தீட்டா இருக்கும் அண்ணே?"

தமிழில் எத்தனை ஆயிரம் சொல் இருக்கிறது. அழுக்குப்படுவதற்கும் கூர்படுத்துவதற்கும் ஒரே சொல்லை வைத்தவன் எவன்? அவன் மட்டும் கிடைத்தால்... அவனைத் தீட்டிவிடுவேன். எந்தத் தீட்டு என்று அவனே புரிந்துகொள்ளட்டும்.

மாசி 12

இன்னாத்துக்கு வாயைத் தொறந்தேன்? ஒரு நல்ல கத்தி தரேன்னு சொன்னா போதாதா? கோட்டையாம், வாளாம், ஆணியில தொங்குதாம் – ஆணியாவது ஒழுங்கா இருக்கா இந்த வூட்ல?

மாசி 15

ருக்கு வாரை இழுக்கிறாள், சக்கரம் சுற்றவில்லை. அதாவது சுற்றுகிறது, பல்லுவலிக்காரன் மெல்லுகிற மாதிரி. கத்தரி ஒன்று பதம் கெட்டுப்போனது. தறிக்காரனிடம் அது இந்த வருஷத்துப் புதுப் பதம் என்று சொல்லி அனுப்பினேன்.

பிறகு அவளிடம், "மாமா இருக்கேன், பயப்படாதே" என்றேன்.

வாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீ சொல்ற கதையெல்லாம் எனக்குப் பிடிக்கும் மாமா. சின்ன வயசுலேர்ந்து சிரிச்சுக்கினே கேட்டிருக்கேன். இந்தக் கதையில நான் மாட்டிக்கினு கீறேன். சிரிப்பு வரல."

உண்மையைச் சொல்லியனுப்பிவிடலாமா? சொன்னால் தனபாக்கியம் அம்மாள் அன்றைக்கே பொன்னேரிக்கு வண்டி கட்டுவாள். வாளுக்காக இல்லை, பொய்க்காரன் வீட்டுப் பெண் என்று. அதில் நியாயமும் இருக்கும். ருக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை.

மாசி 22

கோட்டைக்கே போய்விட்டேன். வாசலில் ஒல்லாந்துச் சிப்பாய் ஒருவன், அவன் பக்கத்தில் துபாசி.

"இன்னா வேணும்?" என்றார் துபாசி.

"வாள் வேணும். ஒரு நாளைக்கு."

"யாரோட சண்டை?"

"சண்டை இல்லைங்க. கல்யாணம்."

துபாசி அதை ஒல்லாந்தில் சொன்னார். சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து என்னவோ சொன்னான். "ரெண்டும் ஒண்ணுதான், ஆனா கல்யாணத்துக்கு நாங்க ஆயுதம் தர்றதில்லைன்னு சொல்றாரு" என்றார் துபாசி. பிறகு என் தோளில் கைபோட்டுத் தெருவரை வந்து வழியனுப்பினார். அந்தக் கை கொஞ்சம் தள்ளியது என்பதும் உண்மை.

பங்குனி 17

ஏரியில் இறால் நன்றாக விழுகிறதாம். விழட்டும்.

பிரமோதூத வருஷம், சித்திரை 5

ஜான் வந்தான், சாக்கில் சுற்றிய ஒன்றோடு. ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள். தன் வாயால் வந்த வினை என்று அவளுக்கும் உறுத்தல். அவள் வாய் என்ன செய்யும், என் வாய்தான் எல்லாம்.

சாக்கைப் பிரித்தான். ஒரு கத்தி. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், கனமான முதுகு. விருந்து நாளில் முழு ஆட்டையும் மாட்டுத் தொடையையும் அறுப்பதற்காக வைத்திருப்பது. மற்ற நாளில் சமையற்கட்டு ஆணியில் சும்மா தொங்குமாம்.

"இது கோட்டைக்குள்ள கீறதுதானே அண்ணே? கோட்டை இரும்புன்னு சொன்னா பொய் இல்லையே?"

ஜானுக்கு என் மூளை தொற்றிக்கொண்டுவிட்டது. அவனைக் கட்டிப்பிடித்தேன்.

"ஒண்ணு மட்டும். கப்பல் வந்தா விருந்து வைப்பாங்க. அதுக்குள்ள கத்தி ஆணியில தொங்கணும். இல்லைன்னா அந்த ஆணியில நான் தொங்குவேன்."

கப்பல் எப்போது வரும் என்றேன். காற்று சொல்லும்போது என்றான்.

சித்திரை 9

வேலை. இவ்வளவு வேலை என் ஜென்மத்தில் செய்ததில்லை. (செய்திருக்கிறேன் என்று ஊரில் சொல்வது வேறு.) மாட்டுக் கொழுப்பு வாடை போக, புளி, சாம்பல், வைக்கோல் போட்டுத் தேய்த்தாள் ரங்கம்மாள். மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கற்பூரமும் காட்டினோம், ஆடு மாட்டு ரத்தம்தான் என்றாலும். முதலில் கரடான சக்கரம், பிறகு மெல்லிய சக்கரம், பிறகு எண்ணெய்க் கல். ருக்குதான் இழுத்தாள். மூச்சுவிடுகிற மாதிரி ஒரே சீராக வார் போய்வந்தது. அப்படி இழுத்தால்தான் அப்படி ஒரு வாய் பிறக்கும்.

சித்திரை 14

கோட்டைக்குப்பத்திலிருந்து காய்ந்த திருக்கை மீன் தோல் வாங்கிவந்து பிடிக்குச் சுற்றினேன். பிடியை நீட்டினேன். குறுக்கே பித்தளைத் தகடு ஒன்று வைத்தேன். தூக்கிப் பிடித்து, "இப்போ இது இன்னா?" என்று கேட்டேன்.

ரங்கம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "வாள் இல்ல. வால். மீதி மாடு கோட்டையில கீது."

ருக்கு சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று!

சித்திரை 27

கத்தியில் முகம் பார்த்தேன். ஒரு படைத்தலைவன் தெரிந்தான்.

வைகாசி 13

நேற்று கல்யாணம். இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் நானே கொஞ்சம் சேர்த்துவிடுவேன்.

கல்யாணம் அவர்கள் ஊரில், மாப்பிள்ளை வீட்டில். நம் பக்கத்து வழக்கம் அதுதானே. கோவில் தெருவிலிருந்து ஊர்வலம். அர்ஜுனன் தலைப்பாகை கட்டி, கையில் நம் வாளோடு வந்தான். நல்ல பையன். வாளை வாங்கும்போது என் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டான். பேர் அர்ஜுனன், வில் கேட்டிருந்தால் மூங்கிலிலேயே முடித்திருக்கலாமே என்று நினைத்தேன்.

வெயிலில் இரும்பு மின்னியது. ஊரே வாய் பிளந்தது. தனபாக்கியம் அம்மாள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனையில் எலுமிச்சம்பழம். மேளம். நான் மார்பை நிமிர்த்தி நடந்தேன்.

பழம் முனையில் நிற்கவில்லை. நின்றால் அது என் சாணையா? மேள அடிக்கு அர்ஜுனன் கை குலுங்கக் குலுங்க, பழம் மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கி, இறங்கி, இரண்டாகப் பிளந்து தெருவில் விழுந்தது.

மேளம் நின்றது.

"அய்யோ! பழம் ரெண்டாப் போச்சே!" தனபாக்கியம் அம்மாள்தான். யாரோ கிழவர், சகுனம் என்றார். பந்தல் வாசலில் பெண்கள் நடுவே ருக்கு. அவள் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது.

நான் கத்தினேன். என்ன சொல்கிறேன் என்று யோசிக்கவில்லை. "பழம் இல்லம்மா! திருஷ்டி! திருஷ்டி ரெண்டாப் போச்சு! எங்க வாள் முன்னாடி திருஷ்டி நிக்குமா? அடிங்கடா மேளத்தை!"

அடித்தார்கள். இரண்டாவது பழம் வேண்டாம் என்று தெய்வசிகாமணி ஆசாரி வாளை மகனிடமிருந்து வாங்கினார். துடைக்கத்தான் வாங்கினார். பழச்சாறு இரும்பில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கப்போன கை நின்றது.

புளிப்புப் பட்டால் இரும்பு கறுக்கும், எஃகு வேறு மாதிரி கறுக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயை ஒட்டி ஏரி அலை மாதிரி ஒரு கோடு எழுந்தது. எஃகை இரும்போடு வைத்து அடிக்கும்போது விழும் கோடு. கொல்லனுக்குக் கொல்லன் அது மாறும். ஒரே கை இரண்டு பேருக்கு எப்படி இருக்கும்?

ஆசாரி என் முழங்கையைப் பிடித்து வாழைமரத்துக்குப் பின்னால் இழுத்துப்போனார்.

"சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தி."

"இது நான் அடிச்சது. பொன்னேரி சந்தையில ஒரு சமையக்காரனுக்கு வித்த கத்தி."

எனக்கு அந்த நேரத்தில் ஒரு கதையும் வரவில்லை. தேடித்தான் பார்த்தேன். இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"ஆமாவா இல்லையா?"

"ஆமா சம்பந்தி. பொண்ணுக்கு ஒண்ணும் தெரி... இல்ல, தெரியும். அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல. எல்லாம் என் வாய்."

அவர் நான் சொன்னதைக் கேட்ட மாதிரியே இல்லை. "அந்தச் சமையக்காரனுக்கு எங்க வேலை?"

"கோட்டையில."

"கோட்டைக்கு வெளியவா, உள்ளயா?"

"உள்ள. துரை தட்டுல விழற கறி முழுக்க இந்தக் கத்தி அறுத்ததுதான்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். மீசைதான் வந்தது, ஒரு பக்கமாக மேலே. "என் இரும்பு கோட்டைக்குள்ள போயிருக்கு," என்றார் மெதுவாக. "எனக்கே தெரியல பாரு." கத்தியைத் திருப்பி, வாயில் கட்டைவிரலை வைக்காமல் வைத்துப் பார்த்தார். கொல்லர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்.

"சம்பந்தி, வாயை மூடிக்குங்க. இது வாள்."

தெருவுக்குப் போய் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "கேட்டுக்குங்க எல்லாரும்! கோட்டையில கீற வாள்! அதை அடிச்சவன் யாரு? நான்!"

மேளக்காரன் தோல் கிழிய அடித்தான். அர்ஜுனன் தாலி கட்டினான். ருக்கு குனிந்த தலையோடு ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா? எனக்குப் புகை கண்ணில் பட்டுவிட்டதால் சரியாகத் தெரியவில்லை.

வைகாசி 15

காலையில் கடல் பக்கம் பீரங்கிச் சத்தம். கப்பல்!

பத்தே அடியில் திருப்பாலைவனம் போய்ச் சேர்ந்தேன். போன வேகம் அப்படி. வாள் அதற்குள் உலைக்குப் பக்கத்தில் மாடத்தில் ஏறிவிட்டது. குங்குமம், செவ்வரளி, சாம்பிராணி.

"சம்பந்தி, அதை நான் எடுத்துக்கினு போகணும். ஜான் கழுத்து ஆணியில கீது."

"வாளைக் கேக்காதீங்க," என்றார் ஆசாரி. "வாள் குடுக்கிற பழக்கம் எங்க வூட்ல இல்ல. கத்தி வேணுமா? அடிச்சுத் தரேன்."

அங்கேயே துருத்தியை ஊதச் சொன்னார்.

வைகாசி 18

புதுக் கத்தியை ஆசாரியே கொண்டுவந்தார். ரங்கம்மாள் வாரை இழுக்க, நான் தீட்டினேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அங்க போதும், இங்க போதும்" என்று உயிரை எடுத்தார். தன் இரும்பு தேயத் தேய அவர் முகமும் தேய்ந்தது. முடித்துக் கொடுத்ததும் கையில் முடியை மழித்துப் பார்த்தார். இன்னொரு கையிலும் மழித்துப் பார்த்தார்.

விருந்துக்கு முன்னால் கத்தி ஆணியில் தொங்கியது. ஜான் சொல்கிறான், பழையதைவிட இது நன்றாக அறுக்கிறதாம்.

ஆனி 8

வீடு அமைதி. ரங்கம்மாள் இழுத்தால் வார் இடதுபக்கம் கொஞ்சம் நொண்டுகிறது. சொன்னால் வாரால் எனக்கும் ஒன்று விழும். சொல்லவில்லை.

ஆடி 3

ஆடிக்கு ருக்குவை அழைத்துவரத் திருப்பாலைவனம் போனேன்.

உலைக்களத்து வாசலில் கூட்டம். வெளியூர்க்காரர்கள். ஆசாரி நடுவில் உட்கார்ந்து வாளின் கதை சொல்லிக்கொண்டிருந்தார். துரை யானை மேல் வந்தாராம். ஏழு கடல் தாண்டி இப்படி இரும்பு பார்த்ததில்லை என்றாராம். என் சம்பந்தி என்பதால் சும்மா கேட்டுக்கொண்டு நின்றேன். யானை கொஞ்சம் அதிகம், நானாக இருந்தால் குதிரையோடு நிறுத்தியிருப்பேன். அப்போது ஒரு கிழவர் கேட்டார், "இம்மாங் கூரு எப்படி ஆசாரி வந்துச்சு?"

"உலையிலேர்ந்து வரும்போதே வந்துச்சு. சாணையே படாத வாள் இது."

எனக்குத் தாங்கவில்லை. அந்த வாளைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் பொய். தீட்டினது ஒன்றுதான் நிஜம். அதைப் போய்...

"யோவ்!" என்று முன்னால் வந்தேன். "அது வாளே இல்லைய்யா. ஆட்டுத் தொடை அறுக்குற சமையக் கத்தி. கொழுப்பு வாடை போக என் பொண்டாட்டி புளி போட்டுத் தேய்ச்சா. நான் தீட்டினேன். என் மருமக வார் இழுத்தா. அதான் நடந்தது. சத்தியமா அதான் நடந்தது."

கிழவர் இரண்டு கையும் கூப்பினார். "பொண்ணு குடுத்தவரு பாரு, எவ்ளோ அடக்கம். வாளைக் குடுத்துட்டு வெறும் கத்தின்னு சொல்றாரு."

எல்லாரும் கும்பிட்டார்கள். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். என்ன செய்வது? நன்றாக இரு என்று ஆசீர்வாதம் செய்தேன்.

ஆசாரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டி கட்டியாயிற்று. ருக்கு ஏறி உட்கார்ந்தாள். கன்னம் சதை போட்டிருக்கிறது, உலைக்கரி ஒரு புருவத்தில் ஒட்டியிருக்கிறது. அர்ஜுனன் கொல்லைப்புறமாக ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து வைக்கோலுக்கு அடியில் வைத்தான். கனமான மூட்டை.

"இன்னா மாப்பிள்ளை இது?"

"வெட்டரிவாளுங்க மாமா. நைனா அடிச்சதுங்க." குரலை இறக்கினான். "நீங்க தீட்டினா மாதிரி வேணும்னு சந்தையில கேக்கறாங்களாம். ஊருக்குத் தெரியக்கூடாதுன்னாரு. யாராவது கேட்டா கருவாடுன்னு சொல்லச் சொன்னாரு."

உலைக்களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆசாரி துருத்திக்குப் பின்னால் குனிந்து, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வழியில், சுங்கச்சாவடிக்காரன் வண்டியை மறித்தான். நான் வாயைத் திறந்தால் போதும், கோட்டை, துரை, ஆயிரம் வாள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"மூட்டையில இன்னா?"

"கருவாடு," என்றேன்.

"திருப்பாலைவனத்துலேர்ந்து பழவேற்காட்டுக்கு, கருவாடு?"

"ஆமா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. ருக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் போ என்று கையைக் காட்டினான். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. வைக்கோலுக்கு அடியில் கருவாடு கலகலவென்று சத்தம் போட்டது.